ஈரானிய உணவகத்தில் முதல் மாலை: பச்சை வெங்காயத்தில் தொடங்கி பில் வரை

முதன்முறை ஓர் ஈரானிய உணவகத்தில் போய் உட்கார்ந்தபோது, நான் ஆர்டர் சொல்வதற்கு முன்பே ஒரு தட்டு வந்து இறங்கியது. நான்காக வெட்டிய பச்சை வெங்காயம், கழுவிய ஈரத்தோடு ஒரு பிடி கீரை இலைகள், முள்ளங்கி, ஒரு துண்டு வெள்ளைச் சீஸ், காகிதம் சுற்றிய வெண்ணெய், சூடான ரொட்டி. சமையலறையில் யாரோ பாதி வேலையில் விட்டுப்போனதை அப்படியே எடுத்து வந்துவிட்டார்கள் போல என்று நினைத்தேன். தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தேன். பிறகு வந்த கபாபையும் சோற்றையும் சாப்பிட்டுவிட்டு, நன்றாகத்தான் இருந்தது, ஆனால் என்னவோ குறைந்தது என்று சொல்லிக்கொண்டே வீடு திரும்பினேன்.

குறைந்தது அந்தத் தட்டுதான். ஈரானியச் சாப்பாடு அடுப்படியில் முக்கால்வாசிதான் முடிகிறது. மிச்சக் கால்வாசியை மேசையில் உட்கார்ந்திருப்பவர் முடித்துக்கொள்ள வேண்டும். எதை எதோடு சேர்ப்பது, எதை எப்போது ஊற்றுவது, எதைக் கடிக்காமல் ஒதுக்குவது என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. அந்தக் கால்வாசியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

போவதற்கு முன் ஒரு ஃபோன்

ஈரானில் 1979 புரட்சிக்குப் பிறகு மது தடை செய்யப்பட்டது. ஆகவே ஒயின் பாரோடு கூடிய ஈரானிய உணவகம் என்பது ஈரானுக்கு வெளியே, குடியேறியவர்கள் வாழும் ஊர்களில்தான் இருக்கும். லாஸ் ஏஞ்சல்ஸின் வெஸ்ட்வுட் பகுதியில் ஈரானியர்கள் அவ்வளவு பேர் இருப்பதால் அந்த நகரத்துக்கே தெஹ்ரான்ஜலஸ் என்று பட்டப்பெயர் உண்டு. இப்படிப்பட்ட ஊர்களிலும் எல்லாக் கடையும் ஒன்றுபோல் இருக்காது. சில உணவகங்கள் ஒயின் பட்டியலை மெனுவைவிடப் பெரிதாக வைத்திருக்கும். சிலவற்றில் மது வாசனையே இருக்காது, வாசலிலேயே ஹலால் என்று எழுதியிருப்பார்கள். இன்னும் சில இடங்களில் உங்கள் பாட்டிலை நீங்களே கொண்டுபோகலாம், திறந்து ஊற்றுவதற்கு ஒரு கட்டணம் வாங்குவார்கள். பெயரை வைத்தோ அலங்காரத்தை வைத்தோ இதை ஊகிக்க முடியாது. கேட்டுவிடுவதுதான் சுலபம்.

அதே ஃபோனில் இன்னொன்றும் கேளுங்கள்: இன்று தஹ்திக் இருக்குமா? அது என்ன என்பதைச் சோற்றுப் பகுதியில் சொல்கிறேன். இப்போதைக்கு, அது சீக்கிரம் தீர்ந்துபோகும் பொருள் என்று மட்டும் நினைவில் இருக்கட்டும்.

மார்ச் 20, 21 வாக்கில் வரும் நவ்ரோஸ் புத்தாண்டுக்கும், டிசம்பர் 20, 21 வாக்கில் வரும் ஆண்டின் மிக நீண்ட இரவான யல்தாவுக்கும் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். குடும்பம் குடும்பமாக வந்து இடத்தை நிறைத்துவிடுவார்கள். முதல்முறை போகிறவருக்கு வாரநாள் மாலைதான் நல்லது. கூட்டம் குறைவு, பரிமாறுகிறவருக்குப் பேச நேரம் இருக்கும், உங்கள் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் வரும்.

பெயர்ப்பலகையில் பாரசீக உணவு என்று இருந்தால் குழம்ப வேண்டாம். தங்கள் நாட்டை வெளிநாடுகள் பெர்சியா, அதாவது பாரசீகம் என்று அழைப்பதை விட்டு ஈரான் என்று அழைக்க வேண்டும் என அந்த நாட்டு அரசு 1935-ல் கேட்டுக்கொண்டது. ஆனாலும் உணவையும் கம்பளத்தையும் பொறுத்தவரை பழைய பெயர் இன்னும் விடவில்லை.

அந்தத் தட்டை ஓரம் தள்ளாதீர்கள்

முதலில் வரும் இலைத் தட்டுக்கு சப்ஸி கோர்தான் என்று பெயர். சப்ஸி என்றால் கீரை, கோர்தான் என்றால் உண்ண. துளசிக் குடும்பத்து ரெய்ஹான், புதினா, டாரகன், வெங்காயத்தாள், முள்ளங்கி, கூடவே சீஸ், பெரும்பாலும் ஊறவைத்த வால்நட். இதைச் சாப்பிடும் முறை எளிது. ரொட்டியில் உள்ளங்கை அளவு கிழித்து, கொஞ்சம் சீஸ் தடவி, ஒரு வால்நட், நாலைந்து இலை வைத்து சுருட்டி ஒரே வாயில் போடுங்கள். இந்தக் கவளத்துக்கு லொக்மே என்று பெயர். வீடுகளில் பெரியவர்கள் ஒரு லொக்மே செய்து பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டுவது வழக்கம். யாராவது நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

இலைகள் சாப்பாடு முடியும்வரை மேசையிலேயே இருக்க வேண்டும். பரிமாறுகிறவர் தட்டை எடுக்க வந்தால், இருக்கட்டும் என்று சொல்லுங்கள். கபாபுக்கு நடுவே ஒரு ரெய்ஹான் இலை, கொழுப்பான குழம்புக்கு நடுவே ஒரு முள்ளங்கித் துண்டு என்று அது கடைசிவரை வேலை செய்யும்.

ரொட்டி விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. கூழாங்கற்கள் மேல் சுடும் சங்கக், தடிமனாகவும் நீளமாகவும் இருக்கும் பர்பரி, காகிதம்போல் மெல்லிய லவாஷ் என்று பல வகை உண்டு. சுடச்சுட சங்கக் வந்தால் கை நிற்காது. அதிலேயே வயிறு நிரம்பி, பிறகு வந்த சோற்றை வேடிக்கை பார்த்தவர்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன்.

காரத்தைத் தேட வேண்டாம்

முதல்முறை சாப்பிடுகிறவர் பலருக்கு முதல் வாயில் ஓர் ஏமாற்றம் வரும். மிளகாயே இல்லையே என்று தோன்றும். உண்மைதான். வளைகுடாக் கரையோரத்து பந்தரி உணவுகளை விட்டுவிட்டால், ஈரானியச் சமையலில் காரத்துக்குப் பெரிய இடம் இல்லை. அந்த இடத்தில் புளிப்பு உட்கார்ந்திருக்கிறது, அதுவும் பல வடிவங்களில்: கருஞ்சிவப்புப் பொடியான சுமாக், உலர்ந்த எலுமிச்சை, செரெஷ்க் என்னும் குட்டிச் சிவப்புப் பழம், மாதுளைப் பாகு, காய் திராட்சைச் சாறு, தோர்ஷி என்னும் வினிகர் ஊறுகாய். இவற்றில் பாதி சமையலிலேயே சேர்ந்திருக்கும், பாதி மேசையில் காத்திருக்கும். சப்பென்று தோன்றினால் மிளகாய்ப் பொடி கேட்காமல் சுமாக்கை எடுத்துத் தூவுங்கள். வித்தியாசம் அந்த வாயிலேயே தெரியும்.

எவ்வளவு ஆர்டர் செய்வது

ஆளுக்கொரு தட்டு என்று பிரித்துக்கொள்ளாதீர்கள். எல்லாவற்றையும் மேசையின் நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வதுதான் இந்தச் சாப்பாட்டின் அமைப்பு. அளவும் தாராளமாக இருக்கும். நாலு பேருக்கு மூன்று சிறு தட்டுகள், ஒரு கபாப், ஒரு குழம்பு, ஒரு கலந்த சோறு என்றால் போதும், மிச்சமும் இருக்கும். மெனுவின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒன்று என்று கணக்கு வைத்துக்கொண்டால் தவறாது.

சிறு தட்டுகளுக்கு மஸே என்று ஒரு சொல் இருக்கிறது. சுவை என்பது பொருள், ஆனால் புழக்கத்தில் மதுவோடு கொறிக்கும் துணைத் தட்டுகளைக் குறிக்கும். ஒயின் பாரோடு கூடிய இடத்தில் மாலையின் பாதி இதிலேயே ஓடிவிடும், ஓடலாம். நான் எப்போதும் முதலில் சொல்வது மீர்சா காசெமி. காஸ்பியன் கடலோர கீலான் மாகாணத்து உணவு: நெருப்பில் சுட்ட கத்தரிக்காய், நிறைய பூண்டு, தக்காளி, முட்டை. புகை வாசனை வராத மீர்சா காசெமி என்றால் கத்தரிக்காயை மின் ஓவனில் வாட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்று பொருள். அதே கீலானின் செய்தூன் பர்வர்தே, மாதுளைப் பாகிலும் வால்நட்டிலும் ஊறிய பச்சை ஆலிவ். கஷ்க்-எ பாதெம்ஜான் என்பதும் கத்தரிக்காய்தான், அதன் மேல் கஷ்க் என்னும் புளித்த, உப்பான பால்பொருளும் வறுத்த வெங்காயமும் புதினா எண்ணெயும் ஊற்றியிருக்கும். தயிர் வேண்டுமென்றால் வெள்ளரி போட்ட மாஸ்ட்-ஓ-கியார், அல்லது மூசீர் என்னும் காட்டு வெங்காய வகை போட்ட மாஸ்ட்-ஓ-மூசீர். இரண்டில் ஒன்று சாப்பாடு முழுக்க மேசையில் இருக்கட்டும்.

சோறுதான் கடையின் தரம்

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்கலாம். ஈரானிய உணவகத்தை எடைபோட நான் கபாபைப் பார்ப்பதில்லை. சோற்றைப் பார்க்கிறேன்.

நீள அரிசியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, முக்கால் வேக்காட்டில் வடித்து, மறுபடி பாத்திரத்தில் குவித்து, மூடியைத் துணியால் சுற்றி, சிறு தீயில் ஆவியில் முடிப்பார்கள். துணி ஆவியைக் குடித்துக்கொள்ளும், தண்ணீர் சொட்டாது. பருக்கை ஒவ்வொன்றும் தனித்து, லேசாக, எடையே இல்லாததுபோல் இருக்க வேண்டும். இப்படி வெறும் வெள்ளையாக வருவது செலோ. காய், பழம், பருப்பு, இறைச்சி என்று ஏதாவது கலந்து வந்தால் பொலோ. மெனுவில் இந்த இரண்டு சொல்லும் புரிந்துவிட்டால் பாதி மெனு புரிந்த மாதிரி. செரெஷ்க் பொலோ என்றால் புளிப்புச் சிவப்புப் பழம் போட்ட சோறு, வழக்கமாகக் கோழியோடு வரும். பாகாலி பொலோ என்றால் சோயிக்கீரையும் பெரிய அவரைப் பருப்பும், கூடவே ஆட்டுக்கால் சதையான மாஹீச்சே. அல்பாலூ பொலோ என்றால் புளிப்புச் செர்ரி. முதல்முறைக்கு செரெஷ்க் பொலோ பாதுகாப்பான தேர்வு.

சோற்றின் மேல் மஞ்சளாக ஒரு பகுதி இருக்கும். அது குங்குமப்பூ. உலகின் குங்குமப்பூவில் மிகப் பெரும் பங்கு ஈரானில் விளைகிறது, அதிலும் வடகிழக்கில் இருக்கும் கொராசான் பகுதியில். அதனால் கடைகள் தாராளம் காட்டும். வாசனை இல்லாமல் நிறம் மட்டும் இருந்தால் சந்தேகப்படலாம்.

அப்புறம் தஹ்திக். தஹ் என்றால் அடி, திக் என்றால் பானை. பானையின் அடியில் எண்ணெயிலும் வெண்ணெயிலும் பொன்னிறமாக முறுகிய அடுக்கு. சோறாகவே முறுகியிருக்கலாம், அடியில் லவாஷ் ரொட்டியோ உருளைக்கிழங்கு வட்டங்களோ அடுக்கியும் செய்வார்கள். ஒரு பானைக்கு ஓர் அடிதானே இருக்கும்! அதனால்தான் சீக்கிரம் தீர்கிறது, ஃபோனிலேயே கேட்கச் சொன்னதும் அதனால்தான். பல கடைகளில் தஹ்திக்கைத் தனித் தட்டாக, மேலே குழம்பு ஊற்றித் தருவார்கள். ஊற்றித் தந்தால் பேசிக்கொண்டிருக்காமல் உடனே சாப்பிடுங்கள். ஊற்றாமல் தந்தால், வாய்க்கு வாய் குழம்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். நான் முதல்முறை முழுக் கிண்ணத்தையும் ஒரேயடியாக மேலே கவிழ்த்து, ஐந்தே நிமிடத்தில் மொறுமொறுப்பைக் கொன்றவன். பக்கத்து மேசைப் பாட்டி பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

சாப்பிடும் கருவி கரண்டியும் முள்கரண்டியும். வலது கையில் கரண்டி. கத்தி பெரும்பாலும் வராது, கேட்கவும் வேண்டாம். கரண்டியின் ஓரத்தாலேயே இறைச்சி பிரிந்துவிடும், பிரிய வேண்டும்.

கபாபைக் கட்டுவது

கூபிதே என்பது துருவிய வெங்காயத்தோடு பிசைந்து, அகலமான தட்டைக் கம்பியில் அழுத்திச் சுட்ட கொத்துக்கறி. பர்க் என்றால் மெல்லியதாகத் தட்டிய நல்ல சதை. பர்க் என்ற சொல்லுக்கு இலை என்று பொருள். ஜூஜே என்பது குங்குமப்பூவிலும் எலுமிச்சையிலும் ஊறிய கோழி. பர்க் ஒன்றும் கூபிதே ஒன்றும் சேர்ந்து வந்தால் அது சொல்தானி, அதாவது சுல்தானுக்கு உரியது. பசியாகப் போகிறவருக்கு அதுவே சரி.

செலோ கபாப் தட்டு வந்ததும் அப்படியே சாப்பிடத் தொடங்காதீர்கள். சோறு சூடாக இருக்கும்போதே வெண்ணெயைப் புதைத்துக் கிளறுங்கள். சுமாக் தூவுங்கள், கொஞ்சம் என்று நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு. சுட்ட தக்காளியின் தோலை ஒதுக்கி, உள்ளிருப்பதைச் சோற்றில் நசுக்கிப் பிசையுங்கள், அதுதான் இந்தச் சாப்பாட்டின் குழம்பு. பழைய பழக்கமுள்ள கடைகளில் ஒரு முட்டை மஞ்சள்கருவும் தருவார்கள், சூடான சோற்றில் கலக்க. பச்சை முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் மரியாதையாக மறுத்துவிடலாம். பிறகு ஒரு துண்டு கபாப், அதன்மேல் பச்சை வெங்காயத்தில் ஒரு கடி, ஓர் இலை. இந்த வரிசையில் ஒருமுறை சாப்பிட்டுப் பார்த்தால், முதல் நாள் நான் எதைத் தவறவிட்டேன் என்று உங்களுக்கே புரியும்.

இன்னொரு ரகசியம். கபாபின் கீழே சில கடைகளில் ஒரு லவாஷ் விரித்திருப்பார்கள். இறைச்சியின் சாறும் கொழுப்பும் முழுக்க அதில் இறங்கியிருக்கும். தெரியாதவர்கள் அதைத் தட்டுத் துணி மாதிரி விட்டுவிடுகிறார்கள். தெரிந்தவர்கள் முதலில் அதைத்தான் கிழிக்கிறார்கள்.

குழம்பில் உருண்டையைக் கடிக்காதீர்கள்

கோரேஷ் என்றால் நீண்ட நேரம் வெந்த குழம்பு. ஈரானியர்களைக் கேட்டால் பலர் முதலில் சொல்வது கோர்மே சப்ஸி. பார்சிலி, கொத்தமல்லி, வெங்காயத்தாள் போன்ற கீரைகளை எண்ணெயில் கறுக்கும்வரை வதக்கி, வெந்தயக்கீரை, சிவப்பு பீன்ஸ், இறைச்சியோடு மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். பார்க்க அழகாக இருக்காது. கரும்பச்சையாக, எண்ணெய் பிரிந்து மிதக்கும். எண்ணெய் பிரிந்திருப்பது பொறுமையாகச் செய்திருக்கிறார்கள் என்பதற்கு அடையாளம். அதற்குள் பழுப்பாக ஓர் உருண்டை கிடக்கும். லீமூ அமானி, உலர்ந்த எலுமிச்சை. ஏதோ இறைச்சித் துண்டு என்று நான் முழுசாக வாயில் போட்டுக் கடித்தேன். கசப்பு மூளை வரை ஏறியது. அதைக் கரண்டியால் லேசாக அழுத்தி, சாற்றைக் குழம்பில் இறக்கிவிட்டு, ஓரமாக வைத்துவிட வேண்டும்.

ஃபெசென்ஜான் வேறு உலகம். அரைத்த வால்நட்டை மாதுளைப் பாகோடு எண்ணெய் விடும்வரை வேகவைத்து, கோழியோ வாத்தோ சேர்த்தது. நிறம் கிட்டத்தட்ட சாக்லேட். சில வீடுகளில் இனிப்பாக, சில வீடுகளில் சுள்ளென்று புளிப்பாகச் செய்வார்கள், எது சரி என்று குடும்பங்களுக்குள் சண்டையே உண்டு. இங்கே எந்தப் பக்கம் என்று பரிமாறுகிறவரைக் கேளுங்கள். நல்ல பேச்சுத் துணை கிடைக்கும்.

உணவுகளை உடலுக்குச் சூடு, குளிர்ச்சி என்று பிரிக்கும் பழக்கம் அவர்களுக்கும் உண்டு. வால்நட் சூடு, தயிரும் மீனும் குளிர்ச்சி. மீனோடு தயிர் கேட்டால் சில முதியவர்கள் கவலையோடு பார்ப்பது அதனால்தான்.

ஒயின்: ஷிராஸ் என்ற பெயரில் ஒரு குழப்பம்

ஒயின் பட்டியலில் ஷிராஸ் என்று பார்த்ததும், ஆகா ஈரானிய உணவுக்கு ஈரானிய ஒயின் என்று ஆர்டர் செய்கிறவர்கள் உண்டு. ஷிராஸ் நகரம் ஒருகாலத்தில் ஒயினுக்குப் புகழ்பெற்றது உண்மை. 14-ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த ஹாஃபெஸின் கவிதைகளில் ஒயின் வராத பக்கத்தைத் தேட வேண்டும். ஆனால் இன்று பாட்டிலில் இருக்கும் ஷிராஸ் திராட்சை, சீரா என்றும் சொல்வார்கள், அந்த ஊரிலிருந்து வந்ததல்ல. 1990-களின் இறுதியில் நடந்த மரபணு ஆய்வில் அதன் பெற்றோர் துரேஸா, மோந்தூஸ் பிளான்ஷ் என்ற இரண்டு பிரெஞ்சுத் திராட்சைகள் என்று தெரியவந்தது. பெயர் மட்டும்தான் ஒற்றுமை.

அதற்காக ஈரானுக்கும் ஒயினுக்கும் உறவில்லை என்று நினைக்க வேண்டாம். ஸாக்ரோஸ் மலைப்பகுதியில் ஹாஜி ஃபிரூஸ் தெப்பே என்ற இடத்தில், ஒரு பழைய மண்வீட்டின் சமையலறைத் தரையில் ஜாடிகள் கிடைத்தன. வயது சுமார் 7000 ஆண்டு. அவற்றில் படிந்திருந்தது ஒயின்தான் என்று வேதியியல் ஆய்வு 1996-ல் காட்டியது. அப்போதும் சமையலறையில்தான் வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பிடித்த விவரம்.

சரி, எதோடு எதைக் குடிப்பது? இரண்டு விதி போதும். ஒன்று, சாப்பாட்டின் புளிப்பைவிட ஒயினின் புளிப்பு குறைவாக இருந்தால் ஒயின் தண்ணீர் மாதிரி தட்டையாகிவிடும். ஆகவே கோர்மே சப்ஸி, சுமாக் தூவிய கபாப், இலைத் தட்டு எல்லாவற்றுக்கும் புளிப்பு தூக்கலான ஒயின் தேவை. இலைகளோடும் மஸேயோடும் சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் நன்றாகப் போகும். கோர்மே சப்ஸிக்கு கபெர்னே ஃபிராங்க் என்ற சிவப்பு ஒயின், அதிலேயே ஒரு பச்சை இலை வாசனை உண்டு. ஜூஜேயின் குங்குமப்பூவுக்கு இனிப்பில்லாத ரோஸே, அதாவது இளஞ்சிவப்பு ஒயின்.

இரண்டாவது, துவர்ப்பு. சிவப்பு ஒயினின் துவர்ப்பு கொழுப்பான இறைச்சியோடு அடங்கும், அதனால் கூபிதேக்கு நடுத்தரமான சிவப்பு ஒயின் பொருந்தும். ஆனால் வால்நட்டின் தோலிலும் அதே துவர்ப்பு இருக்கிறது. ஃபெசென்ஜானோடு கடுமையான கபெர்னே சோவின்யோன் குடித்தால் துவர்ப்பின் மேல் துவர்ப்பு ஏறி, வாய் வறண்டுவிடும். அங்கே பினோ நுவார் போல மென்மையான, பழச்சுவையான சிவப்பு வேண்டும்.

பட்டியலில் ஜார்ஜியா நாட்டு ஆம்பர் ஒயின் இருந்தால் தைரியமாகக் கேளுங்கள். வெள்ளைத் திராட்சையைத் தோலோடு, மண்ணில் புதைத்த பெரிய ஜாடியில் புளிக்கவைப்பது. புகைத்த கத்தரிக்காயோடு இதைவிடப் பொருத்தமானதை நான் குடித்ததில்லை. ஆர்மீனியா, லெபனான் ஒயின்களும் இப்படிப்பட்ட இடங்களில் அடிக்கடி இருக்கும். தோர்ஷியோடு மட்டும் எதையும் குடிக்காதீர்கள், வினிகர் எல்லா ஒயினையும் தோற்கடித்துவிடும்.

750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் 5 கிளாஸ் வரும். இரண்டு பேர் என்றால் கிளாஸ் கணக்கில் வாங்கி, தட்டுக்குத் தட்டு மாற்றுவது மேல். பாட்டில் வாங்கினால் முதலில் கொஞ்சம் ஊற்றிக் காட்டுவார்கள். ஒயின் பிடித்திருக்கிறதா என்பது அங்கே கேள்வி அல்ல, கெட்டுப்போயிருக்கிறதா என்பதுதான். ஈர அட்டைப்பெட்டி வாசனை வந்தால் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். கிளாஸை உயர்த்தும்போது பெ சலாமதி என்பார்கள். ஆரோக்கியத்துக்கு என்று பொருள்.

குடிக்காதவர்களுக்கு இந்த மேசையில் குறையே இல்லை. தூக் என்னும் உப்பும் உலர்ந்த புதினாவும் போட்ட தயிர் பானம் கபாபுக்கு எந்த ஒயினையும்விட நெருங்கிய உறவு. சில கடைகளில் அது சோடாபோல் நுரைக்கும், திடுக்கிட வேண்டாம். இனிப்பு வேண்டுமென்றால் தேனோ சர்க்கரையோ வினிகரோடும் புதினாவோடும் காய்ச்சிய செகன்ஜபின் சர்பத்.

சைவர்களும் ஒவ்வாமை உள்ளவர்களும்

கோர்மே சப்ஸி பெயரில் கீரை இருந்தாலும் உள்ளே இறைச்சி உண்டு, ஒதுக்கிவிட்டுச் சாப்பிட முடியாது. ஆஷ்-எ ரெஷ்தே என்னும் கீரை, பயறு, நூடுல்ஸ் சூப் பார்க்கச் சைவம், ஆனால் சிலர் இறைச்சி வேகவைத்த நீரில் செய்வார்கள். மீர்சா காசெமியிலும், கூகூ சப்ஸி என்னும் கீரை அடையிலும் முட்டை உண்டு. தோல்மேயின் இலைக்குள் கொத்துக்கறி இருக்கலாம். கூபிதேயில் ஆடும் மாடும் கலப்பது சகஜம், மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். வால்நட்டும் பிஸ்தாவும் எதிர்பாராத இடங்களில் வரும், தயிரில்கூட. ரொட்டி தஹ்திக்கில் கோதுமை இருக்கிறது.

தேநீர், தாரோஃப், பில்

சாப்பாடு முடிந்ததும் தேநீர் கேளுங்கள். இடுப்பு குறுகிய சிறு கண்ணாடிக் குவளையில், பால் இல்லாமல், செம்பழுப்பு நிறத்தில் வரும். கண்ணாடியில் தருவதே நிறத்தைப் பார்க்கத்தான். சர்க்கரையை உள்ளே போட்டுக் கலக்காமல், கட்டியை முன்பற்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு அதன் வழியாக உறிஞ்சுவது வழக்கம். கூடவே இனிப்பு ஒன்று: ரோஜாப் பன்னீரும் குங்குமப்பூவும் பிஸ்தாவும் போட்ட பஸ்தனி ஐஸ்கிரீம், அல்லது ஷிராஸ் நகரத்து ஃபாலூதே. இந்த ஃபாலூதேயில் உறைந்த பாகுக்குள் மெல்லிய சேமியா மாதிரி இழைகள் இருக்கும், மேலே எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ள வேண்டும். முதல் கரண்டி வினோதமாக இருக்கும், மூன்றாவதில் பழகிவிடும்.

பில் கட்டப் போனால், முதலாளி புன்னகையோடு காபெல் நதாரே என்று சொல்லக்கூடும். உங்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல, வேண்டாம் என்கிற மாதிரி. நான் ஒருமுறை உண்மையிலேயே இலவசம் என்று நம்பி, நன்றி சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினேன். அவர் முகம் மாறியதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. இதற்குத் தாரோஃப் என்று பெயர். உபசரிப்பவர் கொடுப்பதாகச் சொல்வார், பெறுபவர் மறுப்பார், மறுபடி சொல்வார், மறுபடி மறுப்பார். நீங்கள் இரண்டு முறை வற்புறுத்தி அட்டையை நீட்டுங்கள், வாங்கிக்கொள்வார். அதேபோல் பக்கத்து மேசைக்காரர் தன் தட்டை நீட்டி பெஃபர்மாயித், அதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னால், முதல்முறையே கை நீட்டாதீர்கள். ஈரானிய நண்பரோடு போயிருந்தால் இன்னொரு சிக்கல்: அவர் கைகழுவப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் பில்லை முடித்திருப்பார். தடுக்க வேண்டுமானால் நீங்கள் முதலில் கைகழுவப் போக வேண்டும்.

நன்றிக்கு மெர்சி போதும், பிரெஞ்சுச் சொல்லை அவர்களே அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை என்றால், தஸ்த்-எ ஷொமா தர்த் நகொனே. உங்கள் கை வலிக்காதிருக்கட்டும் என்று பொருள். பதிலுக்கு நூஷ்-எ ஜான் வரும், உயிரில் சேரட்டும் என்று. ஒன்றிரண்டு சொல் தடுமாறினாலும் கவலையில்லை. பஜார், ரசீது, பாதாம் என்று நாம் ஏற்கெனவே அவர்கள் சொற்களைக் கொண்டுதானே பேசிக்கொண்டிருக்கிறோம்.

மிச்சத்தைக் கட்டித் தரச் சொல்லலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கோர்மே சப்ஸி மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும், ஃபெசென்ஜானும் அப்படியே. தஹ்திக்கை மட்டும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். பெட்டிக்குள் பத்து நிமிடத்தில் நமுத்துவிடும். எழுந்து நின்றபடியாவது அங்கேயே தின்று தீர்த்துவிட்டுக் கிளம்புங்கள்.